‘பாஸ் வருவார்’ என்றால் யார் வருவார்? கொழும்பில் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வருகிறவர்கள் சிங்களம் தெரியாதே என்றுதான் கவலைப்படுகிறார்கள். நான் இங்கே வந்து பன்னிரண்டு வருடமாகிறது. என்னை அதிகம் தடுமாற வைத்தவை, ஏற்கெனவே தெரியும் என்று நான் நினைத்திருந்த சொற்கள்தான்.

முதல் வாரமே, கொழும்பின் வெள்ளவத்தைப் பகுதியில் நான் இருந்த வீட்டில் குளியலறைச் சுவர் கசிந்தது. “காலமை பாஸ் வருவார், நீங்கள் வீட்டில நில்லுங்கோ” என்றார் வீட்டுக்கார அம்மா. வந்தவர் கையில் சாந்துக் கரண்டியும் ரசமட்டமும் இருந்தன. இங்கே பாஸ் என்றால் கைத்தொழில் தெரிந்தவர்: கொத்தனார், தச்சர், மெக்கானிக். டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். மேசன் பாஸ் என்று தொழிலையும் சேர்த்துச் சொல்வார்கள். மரியாதையான அழைப்பு அது, நீங்களும் அப்படியே கூப்பிடுங்கள். ‘நில்லுங்கோ’ என்றதற்கு ‘இருங்கள்’ என்று பொருள். “வேலையில நிக்கிறன்” என்று ஒருவர் போனில் சொன்னால் வேலையிடத்தில் இருக்கிறார், அவ்வளவுதான்.

கொழும்பின் கடைத்தெருப் பகுதியான புறக்கோட்டையின் கடைகளில் “நாட்டாமையைக் கூப்பிடு” என்பது பஞ்சாயத்துக்கு அல்ல. மூட்டை சுமந்து, கைவண்டி தள்ளிச் சரக்கு ஏற்றி இறக்குபவர்தான் அங்கே நாட்டாமை. அந்தத் தெருக்களின் வியாபாரமே அவர்கள் முதுகில்தான் நடக்கிறது.

சிங்களச் சகஊழியர் உங்களை ‘ஐயா’ என்றால் சார் என்று அழைப்பதாக எண்ணாதீர்கள், அது அண்ணன். ‘மல்லி’ தம்பி, ‘நங்கி’ தங்கை. அக்கா மட்டும் இரண்டு மொழியிலும் அக்காதான். வேலைக்குச் சிங்களத்தில் ‘வெட’. ஆனால் நீங்கள் செய்து கொடுத்ததைப் பார்த்து ‘வெடக் நே’ என்றால் வேலை இல்லை என்றல்ல, இது பயன்படாது என்று அர்த்தம். திருத்திக் கொண்டுபோங்கள். ‘பலமு’ என்றால் பார்ப்போம். நம் ஊர் ‘பார்க்கலாம்’ போலத்தான், பல நேரம் அது நாகரிகமான மறுப்பு.

செய்தித்தாளில் வேலைநிறுத்தம் என்று தேடாதீர்கள், இங்கே அது பணிப்பகிஷ்கரிப்பு. ‘சட்டப்படி வேலை’ என்ற தலைப்பைப் பார்த்தால் நல்ல செய்தி என்று கடந்துபோய்விடவும் கூடாது. விதியில் உள்ளதை மட்டும், உள்ளபடி மட்டும் செய்து வேலையை மெதுவாக்கும் போராட்டம் அது. சுங்கத்தில் அப்படி நடந்தால் உங்கள் சரக்கு துறைமுகத்திலேயே கிடக்கும்.

விடுமுறை என்றால் எந்த விடுமுறை என்று கேளுங்கள். பொது, வங்கி, வர்த்தகம் என்று மூன்று வகை உண்டு. தனியார் கடைக்கும் கம்பெனிக்கும் வர்த்தக விடுமுறைதான் கணக்கு. மாதந்தோறும் வரும் பௌர்ணமியும் தைப்பொங்கலும் மூன்றிலும் இருக்கின்றன. தீபாவளி பொது விடுமுறை, வங்கி விடுமுறை, ஆனால் வர்த்தக விடுமுறை அல்ல. வங்கியில் வேலை செய்யும் நண்பர் வீட்டில் இருப்பார், நீங்கள் உங்கள் லீவிலிருந்து ஒரு நாளை எடுக்க வேண்டியிருக்கும். எனக்கு இன்னும் ஆறாத மனக்குறை இது. முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் சம்பளம். நம் ஊர் பி.எஃப். இங்கே ஊழியர் சேமலாப நிதி. உங்கள் பங்கு 8 சதவீதம், முதலாளி பங்கு 12. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 சதவீதம், அது முழுக்க முதலாளி போடுவது. சி.டி.சி. என்று எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாகச் சொல்லும் பழக்கத்தில் இருந்து வருகிறோம். அதனால் அந்த 12-உம் 3-உம் பேசிய சம்பளத்துக்கு மேலேயா, உள்ளேயா என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. மேலேதான் வர வேண்டும். சேமலாப நிதிக்காக உங்களிடம் பிடிக்கக்கூடியது 8 மட்டுமே. முதல் மாதச் சம்பளச் சிட்டை கைக்கு வந்ததும் சேமலாப நிதி என்று போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். வேறு எண் இருந்தால் அன்றைக்கே போய்க் கேளுங்கள்.