ஆமையோடு படம் எடுத்தால் குடிமையியல் ஆகிவிடுமா?

மொரீசியஸில் எங்கள் கோயில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் முதல் ஆண்டு நான் செய்த கூத்திலிருந்தே தொடங்குகிறேன். பிள்ளைகளைக் கடற்கரை ஊரான மாயெபூருக்குப் பேருந்தில் கூட்டிப்போய், அங்கிருந்து படகில் ஈல் ஓ எக்ரெட் தீவுக்குப் போனோம். மொத்தமே 26 ஹெக்டேர். மொரீசியஸின் சொந்த ஆமைகள் அழிந்துவிட்டதால், செடியை மேய்ந்து விதையைப் பரப்பி அவை செய்த வேலையைச் செய்ய, சீஷெல்ஸின் அல்தாப்ரா ராட்சத ஆமைகளை அங்கே விட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் ஆமையோடு படம் எடுத்துக்கொண்டார்கள், திரும்பி வந்து ‘ஆமை என் நண்பன்’ என்று கட்டுரை எழுதினார்கள். குடிமையியல் பாடம் முடிந்தது என்று நானும் பதிவேட்டில் எழுதிவிட்டேன்.

தீவு அரசுக்குச் சொந்தம். மொரீசியஸ் வனவிலங்கு அறக்கட்டளை அதைக் குத்தகைக்கு எடுத்துப் பராமரிக்கிறது. ஏன் அரசே பார்க்கவில்லை, நுழைவுக் கட்டணம் எங்கே போகிறது, வழிகாட்டி இல்லாமல் ஏன் சுற்ற விடுவதில்லை? இதில் ஒரு கேள்வியைக்கூட நான் கேட்கவில்லை.

அடுத்த தவறு, சண்டை வராத விலங்காகத் தேடிப் பிடிப்பது. மொரீசியஸில் மட்டுமே வாழும் ரோசாப் புறா நல்ல கதைதான். 1990 வாக்கில் காட்டில் பத்துப் புறா அளவுக்குக் குறைந்து, கூண்டில் வளர்த்து வெளியே விட்டதால் நூற்றுக்கணக்கில் பெருகியது. கேட்கிற எல்லாரும் கைதட்டுவார்கள். அப்படிப்பட்ட கதையில் பிள்ளைகள் விவாதிக்க ஒன்றும் இருக்காது.

பழந்தின்னி வௌவாலை எடுங்கள். எந்த உயிர் எவ்வளவு அழிவு ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் உலகச் செம்பட்டியலில், 2018இல் புறா பாதுகாப்பின் பக்கம் ஒரு படி நகர்ந்தது. அதே ஆண்டு வௌவால் ஆபத்தின் பக்கம் ஒரு படி போனது. 2015, 2016, 2018 ஆகிய ஆண்டுகளில் அரசே வௌவாலைக் கொல்ல ஏற்பாடு செய்தது. 2015இல் வந்த சட்டம் அதற்கு வழிவிட்டது. லிச்சியையும் மாம்பழத்தையும் தின்று தீர்க்கிறது என்பது தோட்டக்காரர்களின் புகார். ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும், மிஞ்சியிருக்கும் நல்ல நாட்டுக் காடு 2 சதவீதத்துக்கும் குறைவு, அந்த மரங்களின் விதையைப் பரப்புவதே இந்த வௌவால்தான் என்பது எதிர்த்தரப்பு வாதம். சட்டம், அமைச்சு, நிபுணர், விவசாயி என்று பாடப்புத்தகத்தில் தனித்தனி அத்தியாயமாக இருப்பதெல்லாம் இங்கே ஒரே கிளையில் தலைகீழாகத் தொங்குகிறது.

சரி, வௌவாலை எடுத்தேன். அதிலும் ஒரு தவறு செய்தேன். வௌவாலைக் கொல்வது பாவம் என்று முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். வகுப்பு முடிந்ததும் ஒரு பையன் தயங்கி வந்து நின்றான். “மிஸ், எங்க தாத்தா வௌவாலைச் சுடணும்னு சொல்றாரு. அவர் கெட்டவரா?” அவர்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு லிச்சி மரம். டிசம்பரில் அந்தப் பழத்தை விற்ற காசுக்கு அந்த வீட்டில் எத்தனையோ வேலை காத்திருக்கும். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

இப்போது நான் தீர்ப்புச் சொல்வதில்லை. வகுப்பிலேயே ஒரு விசாரணை நடத்துகிறோம். பழமரம் இருக்கும் வீட்டுப் பிள்ளை வௌவாலுக்காகப் பேச வேண்டும். மரமே இல்லாத மாடிவீட்டுப் பிள்ளை தோட்டக்காரராக வேண்டும். வீட்டில் கேட்டதையே ஒப்பிக்க விட்டால் யாருக்கும் ஒன்றும் ஏறாது. அப்புறம், வாக்கெடுப்போடு நிறுத்திவிடாதீர்கள். ஒருமுறை 14க்கு 5 என்று முடிந்தது. ஜெயித்தவர்கள் குதித்தார்கள். தோற்ற ஐந்து பேரிடம் “இனி என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன். மரத்தை மூட வலை வாங்க மானியம் கேட்போம் என்றாள் ஒருத்தி. அரசு உண்மையிலேயே கொண்டுவந்த திட்டம் அது. அவளுக்கு அது தெரியாது.

கடிதம் எழுதச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் பிரதமருக்குத்தான் எழுதுவார்கள். விடாதீர்கள். தெருக் குப்பை என்றால் கிராம மன்றம் அல்லது மாவட்ட மன்றம், நகரமென்றால் நகராட்சி. காட்டு விலங்கு என்றால் தேசியப் பூங்கா மற்றும் பாதுகாப்புச் சேவை. எந்தக் கதவைத் தட்டுவது என்று தேடுவதிலேயே பாதிப் பாடம் இருக்கிறது. கடிதம் பிரெஞ்சில் போகட்டும், வாதம் தமிழில் நடக்கட்டும், தாத்தாவிடம் விசாரிக்க இங்கே எல்லாரும் பேசும் கிரியோல் போதும்.

மரநடு விழா பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மறுவாரம் தண்ணீர் ஊற்ற ஆளில்லாவிட்டால் நடாதீர்கள். சீனக் கொய்யா எவ்வளவு ருசியாக இருந்தாலும் அதை நடவே நடாதீர்கள். நாட்டுக் காட்டை நெரிப்பதே அதுதான். (பறித்துத் தின்பதும் களையெடுப்புதான் என்று எங்கள் பிள்ளைகள் வாதாடுகிறார்கள்.)

“இதெல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்” என்று பெற்றோர் சொன்னால் வக்காஷியோ கப்பலை நினைவூட்டலாம். 2020 ஆகஸ்டில் எண்ணெய் கசிந்தபோது, ஒதுங்கி நில்லுங்கள் என்ற அறிவிப்பைப் பொருட்படுத்தாமல் மக்கள் கரும்புச் சோகையைத் துணியில் திணித்துத் தைத்துக் கடலில் தடுப்பாக விட்டார்கள். இதையும் வீரக்கதையாக மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். ஜூலை 25இலேயே பவளப்பாறையில் சிக்கிய கப்பலுக்கு அதுவரை யார் பொறுப்பு என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பு விழித்துக்கொள்ளும்.

அந்தப் பையனின் தாத்தா போன பருவத்தில் மரத்துக்கு வலை கட்டினார். தொளதொளவென்று கட்டினால் வௌவால் சிக்கிச் செத்துவிடும், இழுத்துக் கட்ட வேண்டும் என்று பேரன் ஏணியைப் பிடித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். “வௌவாலுக்காக இல்ல, வலை கிழியாம இருக்கத்தான்” என்று முனகிக்கொண்டே தாத்தா இழுத்துக் கட்டினாராம்.