வெஸோன்-லா-ரோமேனைச் சுற்றி நடக்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென் பிரான்சில், ரோன் பள்ளத்தாக்கின் கிழக்கு ஓரத்தில், வோக்லூஸ் மாவட்டத்தில் இருக்கிறது வெஸோன்-லா-ரோமேன். சின்ன ஊர்தான். நடுவே ஊவேஸ் ஆறு ஓடுகிறது. வடகரையில் ரோமானியர் காலத்துத் தெருக்களும் இன்றைய கடைவீதியும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. தென்கரையில், பாறை மேல் தொற்றிக்கொண்டு நிற்கிறது இடைக்கால மேல்நகரம். ஊரைத் தாண்டி எந்தப் பக்கம் போனாலும் திராட்சைத் தோட்டம்.

இங்கே நடக்க வருகிறவர்கள் பெரும்பாலும் தூரத்தை வைத்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பக்கத்துக் கிராமமான க்ரெஸ்தே 5 கிலோமீட்டர்தானா, சரி, போய்விடலாம். இன்னொரு கிராமமான செகுரே 10 கிலோமீட்டரா, கொஞ்சம் யோசிக்கலாம். இந்தக் கணக்கில்தான் கோளாறு. அதே 5 கிலோமீட்டர் மே மாதக் காலையில் காற்று வாங்கப் போவது மாதிரி இருக்கும். ஆகஸ்ட் மதியத்தில் மயக்கம் வரவைக்கும். காட்டுத்தீ அபாயம் உள்ள நாளில் அந்த வழியே மூடியிருக்கும். எவ்வளவு தூரம் என்று கேட்பதற்கு முன்னால் எந்த மாதம், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டால் பாதித் தவறுகள் தானாகவே விலகிவிடும்.

கிழமையிலிருந்தே ஆரம்பிக்கலாம். செவ்வாய்க்கிழமை இங்கே சந்தை. ஊரின் மையத் தெருக்கள் முழுவதும் கடை போட்டிருப்பார்கள். ஆலிவ், பாலாடைக்கட்டி, லாவெண்டர், துணிமணி எல்லாம் கிடைக்கும். ஆனால் பத்து மணிக்குக் காரில் வந்து, நிறுத்த இடம் தேடி, பிறகு மலைப்பக்கம் நடக்கலாம் என்று திட்டமிடுகிறவர்கள் அந்தக் காலையைத் தொலைத்துவிடுவார்கள். சந்தை பார்க்க வேண்டுமென்றால் எட்டு மணிக்கே வந்துவிடுங்கள், அன்றைக்கு நீண்ட நடை வேண்டாம். நடைதான் முக்கியம் என்றால் வேறு நாள் வாருங்கள்.

மேல்நகரத்தை எளிதாக நினைப்பது

ரோமானியப் பாலத்தைக் கடந்து மேலே பார்த்தால் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். ஒற்றை வளைவுப் பாலம் அது, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது, இன்றும் அதன் மேல் வண்டிகள் போகின்றன. அங்கிருந்து மணிக்கூண்டு வாயில் வழியாக உள்ளே நுழைந்தால் உருளைக்கல் பதித்த சந்துகள். பல நூறு ஆண்டு காலடிகள் பட்டு அந்தக் கற்கள் வழவழவென்று ஆகிவிட்டன. மழை பெய்த மறுநாள் ரப்பர் செருப்போடு இறங்கினால் வழுக்குவது நிச்சயம். ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம்.

உச்சியில் நிற்கும் கோட்டை, துலூஸ் பிரபுக்கள் 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டியது. வெஸோன் ஆயர்களோடு (பிஷப்புகளோடு) அவர்களுக்கு இருந்த அதிகாரப் போட்டியில் எழுந்த கோட்டை அது. அதுவரை ஏறும் பாதையில் கல் பாவவில்லை. உதிர்ந்த சரளையும் வெறும் பாறையும்தான். உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கலாம் என்ற நினைப்பில் குழந்தைகளை இழுத்துக்கொண்டு ஏறுகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். பொதுவாகக் கோட்டைக்குள் அனுமதி கிடையாது. மேலிருந்து தெரியும் காட்சிக்காக ஏறுங்கள். அது போதுமான காரணம்.

மணிக்கூண்டின் உச்சியில் இரும்புக் கம்பிகளால் பின்னிய கூடு இருப்பதைக் கவனியுங்கள். பார்க்க அலங்காரமாக இருந்தாலும் அங்கே அதற்கு வேலை இருக்கிறது. ரோன் பள்ளத்தாக்கு வழியாக வடக்கிலிருந்து இறங்கும் மிஸ்ட்ரால் காற்று, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் நாட்களும் உண்டு. கம்பிக்கூடு காற்றைத் தடுக்காமல் ஊடே விட்டுவிடும். ஊர்க்காரர்கள் கோபுரத்தையே காற்றுக்குத் தக்கபடி கட்டியிருக்கும்போது, தொப்பி பறந்துவிட்டது என்று நாம் ஆச்சரியப்படக் கூடாது.

இந்தக் காற்று விஷயத்தில்தான் பலருக்குக் கண் ஏமாற்றும். மிஸ்ட்ரால் அடிக்கும் நாளில் வானம் துடைத்துவிட்டதுபோல் நீலமாக இருக்கும், 1,900 மீட்டருக்கும் மேல் உயர்ந்த மோன் வாந்து மலை பக்கத்து வீடு மாதிரித் தெரியும். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, நடக்க இதைவிட நல்ல நாள் இல்லை என்று கிளம்பிவிடுவார்கள். ஆனால் முகடுகளில் நிற்க முடியாது, வியர்வை தெரியாமலே உடம்பில் நீர் வற்றும், குளிர்காலமென்றால் வெப்பமானி காட்டுவதைவிடப் பல மடங்கு குளிரும். அப்படிப்பட்ட நாளில் முகட்டு வழியை விட்டுவிட்டு, மலையின் தெற்குச் சரிவில் தோட்டங்களுக்கு நடுவே போகும் வழியை எடுங்கள். திராட்சை விவசாயிகளுக்கு மட்டும் மிஸ்ட்ரால் மீது பெரிய குறை கிடையாது. மழைக்குப் பின் கொடிகளைச் சீக்கிரம் உலர்த்திப் பூஞ்சை நோயைக் குறைப்பது அதுதான்.

இடிபாடுகளை மதியத்துக்கு ஒதுக்குவது

புய்மேன், லா வில்லாஸ் என்று இரண்டு அகழாய்வுத் திடல்கள் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. 1907 முதல் ஜோசஃப் சோதெல் என்ற பாதிரியார் பல பத்தாண்டுகள் தோண்டி வெளிக்கொண்டு வந்தவை இவற்றில் பெரும்பகுதி. ரோமானிய நகரத்தின் மீதிப் பகுதி இன்றைய வீடுகளுக்கு அடியில் இருக்கிறது. இரண்டு திடல்களையும் ஒழுங்காகப் பார்த்தால் அதுவே அரை நாள் நடை. காலையில் மலை, மதியம் இடிபாடு என்று வைத்துக்கொள்வது கோடையில் தவறான வரிசை. லா வில்லாஸில் நிழல் குறைவு, கல் சூட்டைத் திருப்பி அடிக்கும். காலை முழுக்க மலையில் நடந்து களைத்த கால்களுக்கு அது தேவையில்லை. இடிபாடுகளுக்கென்று தனியாக ஒரு காலையை ஒதுக்கிவிடுங்கள்.

க்ரெஸ்தே, செகுரே, அப்புறம் அந்தப் பாறை முகடுகள்

மேல்நகரத்துக்குப் பின்னால் பைனும் ஓக்கும் கலந்த காட்டு வழியாகத் தெற்கே போனால் குன்றின் மேல் க்ரெஸ்தே. வெஸோன் ஆயர்களின் கோட்டை இருந்த கிராமம் அது. அழகான ஊர், ஆனால் கடைத்தெரு என்று எதுவும் கிடையாது. அங்கே போய்த் தண்ணீரும் சாப்பாடும் வாங்கிக்கொள்ளலாம் என்று வெறுங்கையோடு போகாதீர்கள். கிராம நீரூற்றில் பிடித்துக்கொள்ளலாம் என்றால், குடிநீர் அல்ல என்ற அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வழியில் ஓடையிலும் கிடைக்காது; சுண்ணாம்புக்கல் பூமி, பெய்த மழையை உள்ளே இழுத்துக்கொள்ளும், கோடையில் ஓடைகள் வெறும் கல்லாகக் கிடக்கும். வெயில் காலத்தில் ஆளுக்கு 2 லிட்டர் என்பது மிகையில்லை.

செகுரே தென்மேற்கில். அங்கே போகும்போது நடக்கும் தவறு வேறு மாதிரி: போகும் வழியை மட்டும் திட்டமிடுவது. மாலையில் கால் ஓய்ந்த பிறகு பேருந்து இருக்கும் என்று நம்பி நிற்பார்கள். கிராமப் பேருந்துகள் குறைவு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. திரும்பும் வழியை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் கிளம்புங்கள்.

பிறகு தாந்தெல் த மோன்மிராய். செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும் ஜுராசிக் காலச் சுண்ணாம்புப் பாறைகள். உயரம் 700 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். மலை என்றே நினைக்காமல் ஏறப்போகிறவர்கள் அதனால்தான் அதிகம். ஜிகோந்தாஸ் கிராமத்திலிருந்து கைரோன் கணவாய் வரை அகலமான பாதை, யாரும் போகலாம். அதற்கு மேல் பாறைகளை ஒட்டிப் போகும் சில தடங்களில் கையூன்றி ஏற வேண்டியிருக்கும். ஒரு பக்கம் பாறையேறிகள் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு நேர் கீழே உட்கார்ந்து பொட்டலம் பிரிக்காதீர்கள், கல் விழும்.

பாதைக் குறிகளையும் படிக்கத் தெரிய வேண்டும். வெள்ளையும் சிவப்பும் சேர்ந்த இரட்டைக் கோடு நீண்ட தூரப் பாதைக்கு. இந்தப் பகுதியின் வழியாகப் போகும் ஜி.ஆர். 4 அப்படிப்பட்டது. மஞ்சள் ஒற்றைக் கோடு உள்ளூர்ச் சுற்றுகளுக்கு. மஞ்சளும் சிவப்பும் என்றால் ஒரு வட்டாரத்தைச் சுற்றி வரும் பாதை. பெருக்கல் குறி போட்டிருந்தால் இந்தப் பக்கம் வராதே என்று பொருள். பலர் அதைப் பார்த்து 'சரி, குறி இருக்கிறது, சரியான வழிதான்' என்று உற்சாகமாகப் போய்விடுகிறார்கள். வெள்ளை-சிவப்பை விடாமல் பின்தொடர்ந்தால் சுற்று முடிந்து காருக்கு வரமாட்டீர்கள். அது மோன் வாந்து பக்கம் கூட்டிக்கொண்டு போய்விடும். பள்ளங்களில் கைப்பேசி சிக்னல் எப்போதும் இருக்காது, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கோடையில் இன்னொன்றும் உண்டு. காட்டுத்தீ அபாயம் அதிகமான நாட்களில் மாவட்ட நிர்வாகம் காட்டுப் பகுதிகளுக்குள் நுழையத் தடை போடும், அல்லது நேரத்தைக் குறைக்கும். நிலவரம் நாளுக்கு நாள் மாறும், வரைபடமாக வெளியிடுவார்கள், சுற்றுலா அலுவலகத்திலும் சொல்வார்கள். வாகனம் நிறுத்துமிடத்தில் பலகையைப் பார்த்துவிட்டு, இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று உள்ளே போவது அபராதம் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயமில்லை. காய்ந்த புதரும் பைன் பிசினும் மிஸ்ட்ராலும் சேர்ந்தால் தீ மனிதனைவிட வேகமாக ஓடும். காட்டிலும் அதன் ஓரத்திலும் அடுப்பு மூட்டுவது, சிகரெட் பிடிப்பது இரண்டும் கூடவே கூடாது.

செப்டம்பரின் இரண்டு முகங்கள்

வெயில் தணிந்துவிட்டது, அறுவடையும் பார்க்கலாம் என்று செப்டம்பரில் வருவது நல்ல யோசனைதான். ஆனால் ஊவேஸ் ஆற்றைப் பற்றித் தெரிந்துகொண்டு வாருங்கள். கோடையில் பார்த்தால் இதையா ஆறு என்கிறார்கள் என்று தோன்றும். 1992 செப்டம்பர் 22, ஒரு செவ்வாய்க்கிழமை, மேற்பகுதியில் சில மணி நேரம் கொட்டிய மழையில் அந்த ஆறு ரோமானியப் பாலத்தின் மேலேயே ஏறி ஓடியது. கைப்பிடிச் சுவர் போயிற்று, பாலம் நின்றது. கரையோரத் தாழ்நிலத்தில் இருந்த வீடுகளையும் முகாம் வண்டிகளையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. வெஸோனில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அது ஏதோ ஒருமுறை நடந்த விபத்து என்று நினைக்க வேண்டாம். கோடை முழுக்கச் சூடேறிய மத்தியதரைக் கடலிலிருந்து ஈரக்காற்று வடக்கே வந்து மலைகளில் மோதி, ஒரே இடத்தில் மணிக்கணக்கில் கொட்டும். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை இந்தப் பகுதி முழுவதும் இதற்குத் தயாராக இருக்க வேண்டும். அதனால் இலையுதிர் காலத்தில் தினமும் பிரான்சின் வானிலைத் துறை வெளியிடும் எச்சரிக்கை நிறத்தைப் பாருங்கள்: பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. ஆரஞ்சு என்றால் நடையை ரத்து செய்துவிட்டு அருங்காட்சியகத்துக்குப் போகலாம். காய்ந்த ஓடையைக் குறுக்குவழியாக எடுப்பதும் ஆற்றங்கரையில் காரை விட்டுவிட்டு மலைக்குப் போவதும் அந்த மாதங்களில் வேண்டாம். உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்போதே மேலே எங்கோ பெய்த மழை கீழே வந்து சேரும்.

அறுவடைக்கு வருவோம். தோட்டங்களுக்கு வேலி கிடையாது என்பதால் அவை பொது இடம் ஆகிவிடாது. வரிசைகளுக்குள் இறங்கிப் படம் எடுப்பது, ஒரு கொத்துதானே என்று பறிப்பது இரண்டுமே தோட்டக்காரரின் பொறுமையைச் சோதிக்கும் காரியங்கள். அது ஒருவருடைய ஆண்டு வருமானம். அதோடு பழத்தின் மேல் தாமிரமோ கந்தகமோ தெளித்திருக்கலாம். கழுவாமல் வாயில் போடும் பொருளில்லை. குறுகிய சாலைகளில் பழம் ஏற்றிய டிராக்டர் வந்தால் ஓரமாக ஒதுங்கி வழிவிடுங்கள், அவர்கள் அவசரத்தில் இருப்பார்கள்.

அதே செப்டம்பரில் வேட்டைப் பருவமும் ஆரம்பிக்கும், பிப்ரவரி இறுதி வரை நீளும். காட்டுப்பன்றிக்குக் கூட்டமாகச் சுற்றி வளைப்பார்கள், பாதையோரம் பலகை வைப்பார்கள். பலகையைக் கண்டால் திரும்பிவிடுங்கள். பழுப்பும் பச்சையுமாக உடுத்தாமல் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். குளிர்காலத்தின் முடிவில் பைன் மரங்களிலிருந்து வரிசையாக இறங்கி ஊரும் கம்பளிப்பூச்சிகளை யாரும் தொட வேண்டாம், குழந்தைகள் தொடவே கூடாது. அதன் முடி பட்டால் தோல் தடித்துவிடும், கண்ணில் பட்டால் ஆபத்து.

ஒயினும் நடையும்

குடிப்பவர்களுக்கு மட்டும் இது. இந்தப் பக்கத்து சிவப்பு ஒயின்கள் பெரும்பாலும் கிரெனாஷ் திராட்சையில் செய்தவை, 14.5 சதவீத ஆல்கஹால் சாதாரணம். காலை பதினொரு மணிக்கு ஜிகோந்தாஸில் நான்கைந்து வகை சுவைத்துவிட்டுப் பாறை முகட்டுக்கு ஏறுவது முட்டாள்தனம் என்றே சொல்வேன். முதலில் நடை, பிறகு சுவை. துப்புவதற்கென்றே கலம் வைத்திருப்பார்கள். அதில் துப்புவதை யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை, தயாரிப்பவர்களே அப்படித்தான் செய்கிறார்கள். பன்னிரண்டு மணிக்குப் பல ஒயின் நிலவறைகள் பூட்டிவிடும், இரண்டு இரண்டரைக்குத்தான் திறக்கும். அந்த இடைவெளியில் வந்து கதவைத் தட்டுவது வெளியூர்க்காரர்களின் வழக்கம். இன்னொன்று, வழியிலேயே வாங்கி முதுகுப்பையில் போட்டுக்கொள்வது. நிறைந்த பாட்டில் ஒன்று 1.3 கிலோ வரை இருக்கும். மூன்று வாங்கினால் நான்கு கிலோ, அதுவும் வெயிலில் சூடாகிக்கொண்டே வரும்.

சாப்பாட்டுக்கும் அதே கடிகாரம்தான். உணவகங்கள் மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை. இரண்டேகாலுக்குச் செகுரேயில் இறங்கி வந்து பசிக்கிறது என்றால் சமையலறை மூடியிருக்கும். பையில் ரொட்டியும் பழமும் இருக்கட்டும். சைவம் சாப்பிடுகிறவர்கள் சந்தையில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள தப்பனாத் என்ற ஆலிவ் துவையலை நம்பி வாங்குவார்கள். அதில் வழக்கமாக நெத்திலி மாதிரியான சிறு மீனை அரைத்துச் சேர்ப்பார்கள். சேர்க்காததும் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள்.

கார் இல்லாமல் வருகிறவர்களுக்கு: வெஸோனில் பயணிகள் ரயில் நிலையம் கிடையாது. ஒராஞ்ச் வரையோ கார்பந்த்ரா வரையோ ரயிலில் வந்து, அங்கிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். மாலையின் கடைசிப் பேருந்து நீங்கள் நினைப்பதைவிட முன்னதாகவே போய்விடும், ஆகவே ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பேருந்து நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.