செல்ஃப் எடுக்கவில்லையா? சோலனாய்டை வீட்டிலேயே மாற்றும் முறை

எங்கள் வீட்டு மாருதி 800 இருபது வருடத்தைத் தாண்டிய வண்டி. போன ஐப்பசியில் ஒருநாள் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். என்ஜின் சுற்றவில்லை. மறுபடி திருப்பினேன், ஸ்டார்ட் ஆகிவிட்டது. இப்படியே ஒரு வாரம் ஓடியது. பேட்டரிதான் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டிப் புதிது வாங்கிப் போட்டேன். மறுநாள் காலையும் அதே ‘டக்’. அப்புறம்தான் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்து அளந்து பார்த்தேன். கோளாறு சோலனாய்டில் இருந்தது. அதனால்தான் இங்கே மாற்றும் வேலைக்கு நிகராகக் கோளாறைக் கண்டுபிடிப்பதையும் விரிவாகச் சொல்லப்போகிறேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாரும் சோலனாய்டை மாற்றிவிடலாம். ஆனால் மாற்ற வேண்டியது அதுதானா என்று முதலில் தெரிய வேண்டும்.

சோலனாய்டு என்ன செய்கிறது?

நாம் செல்ஃப் என்று சொல்லும் ஸ்டார்ட்டர் மோட்டாரின் முதுகில் ஒரு குட்டி உருளை உட்கார்ந்திருக்கும். அதுதான் சோலனாய்டு. சாவியைத் திருப்பியதும் அதற்குள் இருக்கும் சுருள் காந்தமாகி, பிளஞ்சர் என்ற இரும்புத் தண்டை உள்ளே இழுக்கும். தண்டின் ஒரு முனை ஃபோர்க் என்ற நெம்புகோலை இழுத்து, செல்ஃபின் பல்சக்கரத்தை ஃப்ளைவீல் என்ற என்ஜினின் பெரிய சக்கரத்தின் பல்லில் கோக்கும். மறுமுனை ஒரு செம்பு வட்டைத் தள்ளி, இரண்டு தடித்த டெர்மினல்களையும் இணைக்கும். அந்த நொடியில் நூறு ஆம்பியருக்கு மேல் மின்சாரம் மோட்டாருக்குப் பாய்கிறது. சாவி சுவிட்சு அவ்வளவைத் தாங்காது. அதற்காகத்தான் நடுவில் இந்த ஏற்பாடு.

ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் அந்தச் செம்பு வட்டில் ஒரு சிறு பொறி பறக்கும். பல ஆயிரம் முறை பறந்தபின் வட்டு கருகி, குழிந்து போகிறது. தண்டு இழுபடும், ‘டக்’ கேட்கும், ஆனால் மோட்டாருக்கு மின்சாரம் போகாது.

முதலில் காதால் கேளுங்கள்

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். ‘டகடகடக’ என்று வேகமாக அடித்து, லைட்டும் மங்கினால் சார்ஜ் இல்லாத பேட்டரி, அல்லது பேட்டரி டெர்மினல் லூசாகவோ உப்புப் பூத்தோ இருக்கிறது. சத்தமே இல்லை, லைட் பளிச்சென்று இருக்கிறது என்றால் சாவி சுவிட்சு, ஃப்யூஸ், சோலனாய்டுக்கு வரும் சின்ன ஒயர், இவற்றைப் பாருங்கள். சுருளே அறுந்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும். மோட்டார் ‘விர்ர்’ என்று சுற்றி என்ஜின் மட்டும் அசையவில்லை என்றால் பல்சக்கரத்தில் பிரச்சினை, நம் ஊர் மெக்கானிக்குகள் பெண்டிக்ஸ் என்பார்கள். லைட் மங்காமல் ஒரே ஒரு ‘டக்’ கேட்டால்தான் சோலனாய்டின் மேல் சந்தேகம் விழ வேண்டும். அப்போதும் சந்தேகம் மட்டும்தான், ஏனென்றால் மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தாலும் இதே சத்தம் வரும்.

இன்னொன்று. என்ஜின் ஸ்டார்ட் ஆகி, சாவியை விட்ட பிறகும் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே செம்பு வட்டு டெர்மினலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. என்ஜினை நிறுத்தி, உடனே பேட்டரியின் எர்த்தை (மைனஸ் கேபிளை) கழற்றுங்கள். தாமதித்தால் மோட்டார் கருகிவிடும்.

பிறகு மீட்டரால் அளங்கள்

வண்டி நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி-யில் வையுங்கள். சாவி திருப்ப ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பேட்டரியின் இரண்டு முனையில் 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, சார்ஜ் போட்டுவிட்டு மறுபடி வாருங்கள்.

சோலனாய்டில் மூன்று இணைப்புகள் இருக்கும். பேட்டரியிலிருந்து தடித்த கேபிள் வரும் நட்டு ஒன்று, மோட்டாருக்குள் போகும் தடித்த ஒயரின் நட்டு ஒன்று, சாவியிலிருந்து வரும் சின்ன ஒயர் ஒன்று. சில சோலனாய்டுகளில் பேட்டரி முனையில் 30 என்றும் சாவி முனையில் 50 என்றும் பொறித்திருக்கும். மீட்டரின் கறுப்பு முனையை என்ஜினின் சுத்தமான இரும்பில் வைத்துக்கொண்டு, சாவியை ஸ்டார்ட்டில் பிடிக்கச் சொல்லி மூன்றையும் தொட்டுப் பாருங்கள். பேட்டரி முனையில் 12-ஐ ஒட்டி இருக்கிறது, சின்ன ஒயரிலும் வருகிறது, ஆனால் மோட்டார் முனையில் ஒன்றுமே இல்லை. இதுதான் சோலனாய்டு போனதற்கான சாட்சி. மோட்டார் முனையிலும் 12 வந்து மோட்டார் சுற்றவில்லை என்றால் சோலனாய்டைத் தொடாதீர்கள், பிரஷ்ஷைப் பாருங்கள்.

இரண்டு தடித்த முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் இணைத்துப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. வேண்டாம். பெரிய பொறி கிளம்பும், ஸ்க்ரூ டிரைவர் முனை உருகும்.

கழற்றுவது

10, 12, 14 ரிங் ஸ்பேனர், பாக்ஸ் ஸ்பேனர் செட், நல்ல பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர், துரு இளக்கும் ஸ்பிரே, எமரி பேப்பர், இவை போதும். என்ஜின் நன்றாக ஆறட்டும். மோதிரம், கடிகாரம், காப்பு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள்.

முதல் வேலை, பேட்டரியின் எர்த்தை, அதாவது மைனஸைக் கழற்றுவது. இதில் மட்டும் அவசரம் வேண்டாம். சோலனாய்டுக்கு வரும் தடித்த கேபிளில் எப்போதும் கரண்டு இருக்கும், நடுவில் ஃப்யூஸும் பெரும்பாலும் இருக்காது. எர்த் இணைந்திருக்கும்போது ஸ்பேனர் அந்த நட்டையும் பாடியையும் சேர்த்துத் தொட்டால் கை வெந்துபோகும்.

ஒயர்களை எடுப்பதற்கு முன் போனில் ஒரு போட்டோ. அப்புறம் சின்ன ஒயரின் சாக்கெட்டை இழுங்கள், தடித்த கேபிளின் நட்டைக் கழற்றுங்கள். செல்ஃப், என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் பெரும்பாலும் இரண்டு போல்ட்டில் நிற்கும். கடைசிப் போல்ட் வரும்போது ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள், கனமான பொருள். கீழே படுத்து வேலை செய்ய வேண்டிய வண்டி என்றால் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கவே கூடாது. ஸ்டாண்டு வைத்து, பின் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும்.

செல்ஃபை ஒரு பழைய துணியின் மேல் வையுங்கள். மோட்டாருக்குப் போகும் தடித்த ஒயரின் நட்டை எடுங்கள். சோலனாய்டைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களும் சுலபத்தில் வராது. ஸ்பிரே அடித்துப் பத்து நிமிடம் விட்டு, ஸ்க்ரூ டிரைவரின் பின்புறம் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிவிட்டுத் திருப்புங்கள். ஸ்க்ரூவின் தலை மழுங்கினால் வேலை இரட்டிப்பாகிவிடும்.

ஸ்க்ரூ வந்ததும் சோலனாய்டை நேராக இழுக்காதீர்கள். தண்டின் முனை உள்ளே ஃபோர்க்கில் மாட்டியிருக்கும். பின்பக்கத்தைச் சற்றுத் தூக்கிச் சாய்த்தால் கொக்கி தானாக விடுபடும். ஸ்பிரிங் தெறித்து விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதைப் பொருத்துவது

பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தண்டின் நீளம், கொக்கியின் வடிவம், ஸ்க்ரூ துளைகளின் இடைவெளி மூன்றும் பொருந்த வேண்டும். கடைக்குப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துப்போவதுதான் நல்லது. ஒரே கார் மாடலுக்கு இரண்டு மூன்று விதமான செல்ஃப் வந்திருக்கும்.

கொக்கியை மாட்டுவதுதான் எனக்கு நேரம் பிடித்தது. பல்சக்கரத்தை விரலால் வெளியே இழுத்துப் பிடியுங்கள். ஃபோர்க்கின் மேல்முனை உங்களை நோக்கி வரும். தண்டை அதில் மாட்டி, ஸ்பிரிங்கைச் செருகி, மோட்டார் ஒயர் இருக்கும் பக்கம் மோட்டார் முனை வரும்படி உருளையை மேலே தள்ளி ஸ்க்ரூவை முடுக்குங்கள். டெர்மினல் நட்டுகளை அளவாக முடுக்கினால் போதும், மூடி பேக்கலைட் என்ற கடின பிளாஸ்டிக் என்பதால் அழுத்தினால் விரிசல் விடும்.

வண்டியில் ஏற்றும் முன் ஒரு சோதனை. மோட்டார் ஒயரைச் சோலனாய்டிலிருந்து தனியே எடுத்து வைத்துவிட்டு, பேட்டரி மைனஸை மோட்டார் முனைக்கும் செல்ஃபின் உடம்புக்கும் கொடுங்கள். பிளஸைச் சின்ன முனையில் தொட்டதும் பல்சக்கரம் வெளியே பாயும். மோட்டார் முனையிலிருந்து மட்டும் மைனஸை எடுத்தாலும் அது வெளியிலேயே நிற்க வேண்டும். உடம்பிலிருந்தும் எடுத்தால் உள்ளே போய்விட வேண்டும். இழுக்க ஒரு சுருள், பிடித்து வைக்க ஒரு சுருள் என்று உள்ளே இரண்டு இருக்கின்றன. இந்தச் சோதனையில் இரண்டும் தெரிந்துவிடும். ஐந்து நொடிக்குள் முடித்துவிடுங்கள், சுருள் சூடாகும்.

பிறகு மோட்டார் ஒயரை மாட்டி, கழற்றியதற்குத் தலைகீழாக எல்லாவற்றையும் பூட்டுங்கள். செல்ஃப் உட்காரும் இரும்பு முகத்தையும் கேபிள் ரிங்கையும் எமரியால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். மோட்டாருக்கு எர்த் கிடைப்பது அந்த முகத்தின் வழியாகத்தான். பேட்டரி எர்த் கடைசியில். நியூட்ரலில் வைத்துச் சாவியைத் திருப்புங்கள். ஸ்டார்ட் ஆனதும் நிறுத்தி, நான்கைந்து முறை திரும்பச் செய்து பாருங்கள்.

நேரம் இருந்தால் பழைய சோலனாய்டையும் திறந்து பாருங்கள். மூடியில் இருக்கும் ஈயப் பற்றை உருக்கினால் கழன்று வரும். எங்கள் வண்டியின் செம்பு வட்டில், காண்டாக்ட் தொடும் இரண்டு இடத்திலும் பிறை வடிவத்தில் குழி விழுந்து, சுற்றிலும் அடுப்புக்கரி மாதிரி கறுப்பு படிந்திருந்தது. வட்டின் மறுபுறம் புதுக் காசு போலச் சிவப்பாக மின்னியது.