முதல் ரெட் ஒயின்: போஜோலேவில் தொடங்குங்கள்

பிரெஞ்சு ரெட் ஒயின் என்றதும் பலரும் நேராகப் போர்டோ பகுதி ஒயினுக்குப் போகிறார்கள். வாயெல்லாம் துவர்த்துப்போய், "இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று அதோடு விட்டுவிடுகிறார்கள். முதல் பாட்டிலுக்கு என் ஓட்டு போஜோலேவுக்குத்தான். துவர்ப்பு குறைவு, பழச்சுவை தூக்கல்.

லியோன் நகருக்கு வடக்கே, பர்கண்டியின் தெற்கு எல்லையை ஒட்டிய குன்றுப் பகுதி இது. இங்கே ரெட் ஒயின் என்றால் கமே திராட்சை. 1395-இல் பர்கண்டியின் பிரபு பிலிப், தன் ஆட்சிப் பகுதியில் கமே கொடிகளைப் பிடுங்கி எறியச் சொல்லி ஆணை போட்டார். ஏராளமாகக் காய்த்து, உயர்ந்த பீனோ நுவார் திராட்சையின் இடத்தைப் பிடிக்கிறதே என்று அவருக்குக் கோபம். போஜோலேவின் கிரானைட் மண்ணோ கமேவுக்கு வாகாய் அமைந்துவிட்டது.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: லேபிளைப் படியுங்கள்

மூன்று தரங்கள் உண்டு. வெறும் 'போஜோலே' என்றால் எளிமையானது. 'போஜோலே-வில்லாஜ்' அதற்கு ஒரு படி மேல். உச்சியில் 'க்ரு' எனப்படும் பத்துப் பகுதிகள்: சான்-டமூர், ஜூலியேனா, ஷேனா, மூலான்-ஆ-வான், ஃப்ளூரி, ஷிரூப்ல், மோர்கோன், ரேன்யே, ப்ரூயி, கோட் த ப்ரூயி. புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். க்ரு பாட்டிலில் பெரிய எழுத்தில் இருப்பது அந்தப் பகுதியின் பெயர் மட்டுமே. 'போஜோலே' என்ற சொல்லைத் தேடினால் பல பாட்டில்களில் கண்ணில் படாது. அதனால் இந்தப் பத்துப் பெயர்களையும் போனில் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

எதை எடுப்பது? மென்மையாக, பூவாசனையோடு வேண்டுமென்றால் ஃப்ளூரி. கொஞ்சம் கனமாக வேண்டுமென்றால் மோர்கோன். மூலான்-ஆ-வான் பத்திலும் திடமானது, சில வருடங்கள் வைத்திருந்து குடிக்கலாம். தொடங்குபவருக்கு நான் கையில் எடுத்துக் கொடுப்பது ஃப்ளூரிதான்.

நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை வெளிவரும் 'போஜோலே நூவோ' வேறு சங்கதி. அறுவடை முடிந்து சில வாரங்களே ஆன இளம் ஒயின் அது. வாழைப்பழ வாசனை கூட வரும். கொண்டாட்டத்துக்குச் சரி; அதை வைத்து இந்த ஊர் ஒயினையே எடைபோட்டுவிடாதீர்கள்.

படி 2: குளிர வையுங்கள்

ரெட் ஒயினை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். போஜோலேவுக்கு 12 முதல் 14 டிகிரி செல்சியஸ் வேண்டும். மூலான்-ஆ-வான், மோர்கோன் என்றால் ஒன்றிரண்டு டிகிரி கூட இருக்கலாம். அறை சூடாக இருந்தால் ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரமாவது வையுங்கள். அவசரமா? வாளியில் ஐஸோடு தண்ணீரும் ஊற்றி, பாட்டிலைக் கழுத்துவரை அமிழ்த்துங்கள். வெறும் ஐஸைவிட அது சீக்கிரம் குளிர்விக்கும், ஏனென்றால் தண்ணீர் கண்ணாடியை இடைவெளியில்லாமல் தொடுகிறது.

படி 3: ஊற்றுங்கள், பாருங்கள், முகருங்கள்

கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பிடித்தால், இளம் ஒயினின் விளிம்பில் ஊதா சாயல் தெரியும். மெதுவாகச் சுழற்றி முகருங்கள்: செர்ரி, ராஸ்ப்பெர்ரி.

துவர்ப்பு ஏன் குறைவு என்பதற்கு விடை ஒயின் செய்யும் முறையில் இருக்கிறது. வழக்கமாகத் திராட்சையை நசுக்கிப் புளிக்க வைப்பார்கள். இங்கே பெரும்பாலும் கொத்துக் கொத்தாக, நசுக்காமல் தொட்டியில் போடுகிறார்கள். மேலே உள்ள பாரத்தில் அடியில் இருக்கும் பழங்கள் மட்டும் நசுங்கிப் புளிக்கத் தொடங்கும். அதில் வரும் கரியமில வாயு தொட்டியை நிரப்ப, முழுசாக இருக்கும் பழங்களுக்கு உள்ளேயே சர்க்கரை கொஞ்சம் ஆல்கஹாலாக மாறும். தோலின் நிறமும் மணமும் இறங்கும், துவர்ப்பு அவ்வளவாக இறங்காது.

படி 4: கூடவே சாப்பாடு

லியோனின் 'பூஷோன்' எனப்படும் சின்ன உணவகங்களில் போஜோலே 46 சென்டிலிட்டர் பிடிக்கும் தடித்த அடிப்பாகக் கண்ணாடிக் குப்பியில் மேஜைக்கு வரும். தட்டில் மெல்லியதாக அரிந்த 'ரோசெட்' என்ற உலர்ந்த பன்றித் தொத்திறைச்சி. அந்தக் கொழுப்பையும் உப்பையும் ஒயினின் புளிப்பு வெட்டிவிடும். அடுத்த துண்டுக்கு நாக்கு தயார். வாட்டிய கோழியும் நல்ல துணை. சோன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிரெஸ் என்ற பகுதியின் கோழி பிரான்ஸ் முழுக்கப் பெயர் பெற்றது. சீஸில் மென்மையான சான்-மார்செலான். காரம் விஷயத்தில் ஒரு குறிப்பு: மிளகாயோடு துவர்ப்பான ஒயின் குடித்தால் வாய் இன்னும் எரியும். குளிர்ந்த போஜோலே அந்த அளவுக்குப் படுத்தாது.

மீந்துவிட்டால் கார்க்கால் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், இரண்டு மூன்று நாள் தாங்கும். அப்புறமும் மிச்சம் இருந்தால் கோழியை அதில் போட்டு நிதானமாக வேக வையுங்கள். 'கோக் ஓ வான்' என்று அங்கே செய்வது அதைத்தான்.