ஜப்பானுக்கு நண்பர்களோடு போகிறீர்களா? இந்தக் கணக்கில் ஏமாறாதீர்கள்

நாலு பேர் சேர்ந்து போனால் செலவு நாலாகப் பிரியும் என்று நம்பித்தான் ஊரில் திட்டம் போடுகிறோம். ஜப்பானில் பல இடங்களில் அது பலிக்காது. அங்கே நிறைய விஷயங்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்றுதான் வாங்குகிறார்கள்.

முதலில் ரயில். எல்லோரும் கேட்காமலே வாங்கிவிடுவது ஜேஆர் பாஸ், அதாவது வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஜப்பான் ரயில்வே பாஸ். ஏழு நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்த காலத்தில் டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்பினாலே ஏறக்குறைய காசு வசூலாகிவிடும். 2023 அக்டோபரில் அதை 50,000 ஆக்கினார்கள். ஷிங்கான்சென் என்ற புல்லட் ரயிலில் கியோட்டோ போய் வர சுமார் 28,000 யென்தான். ஹிரோஷிமா, அதற்கும் அப்பால் என்று ஒரே வாரத்தில் ஓடுகிறவர்களைத் தவிர மற்றவர்களுக்கு பாஸ் நஷ்டம். போதாததற்கு, ஷிங்கான்செனிலேயே வேகமான நொசோமி ரயிலில் ஏற பாஸ் வைத்திருப்பவரும் தனியாகக் கட்ட வேண்டும். தனித்தனி டிக்கெட் விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் போவது இன்னொரு வம்பு. செய்ஷுன் 18 கிப்பு என்று ஒரு மலிவு டிக்கெட் உண்டு. சாதாரண ரயில்களில் மட்டும் செல்லும், அதுவும் சில பருவங்களில்தான் கிடைக்கும். முன்பு ஒரே டிக்கெட்டை ஐந்து நண்பர்கள் ஒரு நாளுக்குப் பங்கிட்டுக்கொள்ளலாம். 2024 குளிர்காலம் முதல் அது போய்விட்டது: ஒரு டிக்கெட், ஒரே ஆள், தொடர்ச்சியான நாட்கள். எனக்கு உண்மையிலேயே வருத்தம்தான். நண்பர்களுக்கென்றே இருந்த டிக்கெட் அது.

விடுதியிலும் அப்படித்தான். இருவர் பெயரில் அறை போட்டுவிட்டு மூன்றாமவர் தரையில் படுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். எத்தனை பேர் என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் விலை. சரியான எண்ணிக்கையைச் சொல்லியே பதிவு செய்யுங்கள்.

இசகாயா என்கிற ஜப்பானிய மதுக்கடையில் உட்கார்ந்ததும் நாம் கேட்காத சின்னக் கிண்ணம் ஒன்று ஆளுக்கொன்றாக வரும். இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள், அதன் பெயர் ஓதோஷி. பல கடைகளில் தலைக்கு 300 முதல் 500 யென் பில்லில் ஏறும். ஒரே இரவில் மூன்று கடை மாறினால் கூட்டிப் பாருங்கள். அதனால் நாங்கள் இரவு எட்டு மணிக்கு மேல் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போவோம். கடை ஊழியர் தள்ளுபடி ஸ்டிக்கர் கட்டோடு வந்து பெந்தோ என்ற சாப்பாட்டு டப்பாக்களில் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு போவார். முதலில் இருபது சதவீதம், மூடும் நேரம் நெருங்க ‘ஹங்காக்கு’, அதாவது பாதி விலை. சைவ நண்பர் கூட இருந்தால் மட்டும் கவனம்: பார்க்கக் காய்கறியாக இருந்தாலும் குழம்பில் தாஷி என்ற மீன் சாறு பெரும்பாலும் கலந்திருக்கும்.

சரி, பங்கு பிரியும் இடம் எது? டாக்சியும், ரயில் நிலையத்தில் பெட்டிகளை வைக்கும் லாக்கரும். நாலு பேருக்கு டாக்சியின் கட்டணம் ஒன்றே. குறைந்த தூரத்துக்கு, பெட்டிகளோடு, மெட்ரோவைவிட அதுவே தேவலாம். ஆனால் இரவு பத்துக்கு மேல் டோக்கியோவில் இருபது சதவீதம் கூடும், நள்ளிரவையொட்டிக் கடைசி ரயிலும் போய்விடும். இன்னும் ஒரு ரவுண்டு என்று யாராவது இழுக்கும்போது கடைசி ரயிலின் நேரத்தைப் பார்த்துச் சொல்ல ஒருவரை முன்கூட்டியே நியமித்துவிடுங்கள்.