அமெரிக்காவில் வீட்டுக் கடன்: க்ளோசிங் செலவு நியாயமானதா என்று சரிபார்ப்பது எப்படி?

அமெரிக்காவில் கடன் வாங்கி வீடு வாங்குவோர், டவுன் பேமென்ட் போக, கையெழுத்திடும் நாளில் க்ளோசிங் காஸ்ட் என்ற பெயரில் இன்னொரு பெருந்தொகையைக் கட்ட வேண்டியிருக்கும். பொதுவாக அது வீட்டு விலையில் 2 முதல் 5 சதவீதம் வரை வரும். 5 லட்சம் டாலர் வீட்டுக்கு 10,000 முதல் 25,000 டாலர் வரை என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு அகலமான வரம்புக்குள், "உங்களுக்கு எவ்வளவு ஆயிற்று?" என்று வேறு மாநிலத்து நண்பரிடம் கேட்டு முடிவுக்கு வருவது சரியாக இருக்காது. டெக்சாஸில் சொத்து மாற்று வரியே கிடையாது. நியூயார்க்கின் பெரும்பாலான இடங்களில் அடமானத்தைப் பதிவு செய்வதற்கே தனி வரி உண்டு. ஆகவே மொத்தத் தொகையை மட்டும் பார்த்து நியாயத்தை அளக்க முடியாது. அதிலுள்ள ஒவ்வொரு கட்டணத்தையும் யார் நிர்ணயிக்கிறார்கள், யாரிடம் போய் அது சேருகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் எதைக் கேள்வி கேட்கலாம் என்பது தெரியவரும்.

இதற்குத் தேவையான ஆவணம், வட்டியையும் உத்தேசச் செலவுகளையும் காட்டிக் கடன் நிறுவனம் தரும் லோன் எஸ்டிமேட். 2015 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, உங்கள் பெயர், வருமானம், சோஷியல் செக்யூரிட்டி எண், வீட்டு முகவரி, வீட்டின் உத்தேச மதிப்பு, கடன் தொகை ஆகிய ஆறு விவரங்களையும் கொடுத்துவிட்டால், 3 வேலை நாட்களுக்குள் கடன் நிறுவனம் அந்த மூன்று பக்க ஆவணத்தை அனுப்பியாக வேண்டும். சில லோன் ஆபீசர்கள் அதற்குப் பதிலாகத் தாங்களே தயாரித்த ஒரு கட்டணப் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்புவார்கள். பார்வைக்கு அது போதுமானதாகத் தோன்றினாலும், லோன் எஸ்டிமேட்டுக்கு உள்ள சட்டக் கட்டுப்பாடு அதற்குக் கிடையாது என்பதால், முறையான படிவத்தையே கேட்டுப் பெறுங்கள். அது கைக்கு வந்து, மேலே தொடரலாம் என்று நீங்கள் சொல்லும்வரை, கிரெடிட் ரிப்போர்ட்டுக்கான கட்டணத்தைத் தவிர வேறெதையும் அவர்கள் வசூலிக்கக் கூடாது.

குறைந்தது மூன்று நிறுவனங்களிடம், முடிந்தால் ஒரே நாளில், ஒரே கடன் தொகைக்கும் ஒரே கால அளவுக்கும் லோன் எஸ்டிமேட் கேளுங்கள். வட்டி விகிதம் நாளுக்கு நாள் மாறுவதால், திங்கட்கிழமை வந்ததையும் வெள்ளிக்கிழமை வந்ததையும் ஒப்பிட்டால் கணக்கு பிசகும். பல இடங்களில் விண்ணப்பித்தால் கிரெடிட் ஸ்கோர் இறங்கிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை; 45 நாட்களுக்குள் வீட்டுக் கடனுக்காகச் செய்யப்படும் விசாரணைகள் ஒரே விசாரணையாகவே கருதப்படும்.

இனி இரண்டாம் பக்கத்துக்கு வாருங்கள். இடப்பக்கம் மேலே இருக்கும் ஏ பிரிவுதான் கடன் நிறுவனம் தனக்காக வாங்கும் பணம். ஒரிஜினேஷன், அண்டர்ரைட்டிங், பிராசசிங், அப்ளிகேஷன் என்று பெயர்கள் எத்தனை இருந்தாலும் எல்லாம் ஒரே இடத்துக்குப் போகின்றன. ஆகையால் ஒவ்வொன்றையும் பற்றி வாதாடாமல் பிரிவின் கூட்டுத்தொகையைப் பாருங்கள். அதிலிருந்து, ஜே பிரிவில் காட்டப்படும் லெண்டர் கிரெடிட்டை, அதாவது உங்கள் செலவில் கடன் நிறுவனம் ஏற்றுக்கொள்ளும் தொகையை, கழியுங்கள். கிடைக்கும் தொகையையும் வட்டி விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், நியாயத்தைப் பற்றிய கேள்வியில் பாதிக்கு மேல் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

மொத்தத் தொகை எப்படி ஏமாற்றும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். 4 லட்சம் டாலர் கடனுக்கு இரண்டு நிறுவனங்களும் 6.5 சதவீத வட்டி சொல்கின்றன. முதல் நிறுவனத்தின் ஏ பிரிவு 1,500 டாலர். அது 15 நாள் முன்வட்டியாக (கையெழுத்து நாள் முதல் மாத முடிவு வரையிலான வட்டி) 1,068 டாலரையும், வீட்டு இன்சூரன்சுக்கு 1,800 டாலரையும் கணக்கில் வைத்திருக்கிறது. இரண்டாவது நிறுவனத்தின் ஏ பிரிவு 2,600 டாலர். ஆனால் முன்வட்டியை 5 நாளுக்கு மட்டும் போட்டு 356 டாலர் என்றும், இன்சூரன்ஸை 1,100 டாலர் என்றும் காட்டுகிறது. கூட்டிப் பார்த்தால் முதலாவது 4,368, இரண்டாவது 4,056. இரண்டாவதே மலிவாகத் தோன்றும். உண்மையில் முன்வட்டி நீங்கள் கையெழுத்திடும் தேதியைப் பொறுத்தது, இன்சூரன்ஸ் நீங்கள் தேர்ந்தெடுக்கும் பாலிசியைப் பொறுத்தது. இரண்டும் எந்த நிறுவனத்திடம் போனாலும் ஒன்றுதான். இரண்டாவது நிறுவனம் 1,100 டாலர் கூடுதலாக வாங்குகிறது என்பதே மெய்.

வட்டியைக் குறைப்பதற்காக முன்கூட்டியே கட்டும் பாயிண்ட்டுகள் இருந்தால் அவற்றையும் ஏ பிரிவிலேயே காணலாம். ஒரு பாயிண்ட் என்பது கடன் தொகையில் 1 சதவீதம். மேற்சொன்ன கடனுக்கு 4,000 டாலர் கொடுத்து வட்டியை 6.25 சதவீதமாகக் குறைத்தால், 30 ஆண்டுக் கடனில் மாதத் தவணை சுமார் 65 டாலர் குறையும். போட்ட பணம் திரும்ப ஐந்து ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகும். விசாவில் இருப்பவர்களும், வேலை மாறி ஊர் பெயர வாய்ப்புள்ளவர்களும், வட்டி இறங்கியதும் ரீஃபைனான்ஸ் செய்ய (புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைக்க) எண்ணுபவர்களும் பாயிண்ட் வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைக் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும்.

பி பிரிவில் வரும் அப்ரைசல் (வீட்டின் மதிப்பீடு), கிரெடிட் ரிப்போர்ட் போன்றவற்றில் ஆளை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. சி பிரிவில் வருபவற்றை வெளியே விசாரித்து நீங்களே அமர்த்திக்கொள்ளலாம். பலரும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும் இடம் இது. வீட்டின் உரிமையில் பிற்பாடு வில்லங்கம் வந்தால் ஈடுசெய்யும் டைட்டில் இன்சூரன்ஸ் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். டெக்சாஸ், ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களில் அதன் பிரீமியத்தை அரசே நிர்ணயிப்பதால், பிரீமியத்துக்காகக் கடை கடையாக அலைவதில் பலனில்லை. அங்கும் கையெழுத்தை நடத்திவைப்பதற்கான செட்டில்மென்ட் கட்டணம் முதலியவை டைட்டில் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடக்கூடும். மற்ற மாநிலங்களில் இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்பது நல்லது. விற்பவர் சில ஆண்டுகளுக்கு முன்புதான் அந்த வீட்டை வாங்கியிருந்தால், ரீஇஷ்யூ கட்டணம் என்ற தள்ளுபடி கிடைக்குமா என்றும் கேளுங்கள். கேட்காதவருக்கு அது தானாகக் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

வலப்பக்கத்தில் உள்ள அரசு வரிகள், முன்வட்டி, இன்சூரன்ஸ், எஸ்க்ரோ (சொத்து வரிக்கும் இன்சூரன்சுக்கும் முன்கூட்டியே சேர்த்து வைக்கும் பணம்) ஆகியவற்றில் பேரம் பேச அநேகமாக எதுவுமில்லை. தொகை மெய்யானதா என்று மட்டும் பாருங்கள். எஸ்க்ரோ கணக்கில் கூடுதல் கையிருப்பாக இரண்டு மாதத் தொகைக்கு மேல் வைக்கச் சொல்ல முடியாது. புதிதாகக் கட்டிய வீடென்றால், சொத்து வரியைக் காலி மனைக்கு மட்டும் கணக்கிட்டிருக்கிறார்களா என்று அவசியம் கேளுங்கள். அப்படிச் செய்திருந்தால் இன்று தொகை குறைவாகத் தெரியும்; வீட்டுக்கும் சேர்த்து வரி விதிக்கப்படும் ஆண்டில் மாதத் தவணை பல நூறு டாலர் ஏறி, குடும்பத்தின் வரவுசெலவே ஆட்டம் காணும்.

பில்டரிடம் நேரடியாக வாங்குவோருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தங்களுடைய கடன் நிறுவனத்தைப் பயன்படுத்தினால் 10,000 டாலர் கிரெடிட் தருவதாகச் சொல்வது வழக்கம். அது சில நேரம் உண்மையிலேயே நல்ல சலுகை. ஆனால் அந்த நிறுவனத்தின் ஏ பிரிவில் 8,000 டாலர் பாயிண்ட்டாக உட்கார்ந்திருக்க, அதே வட்டியை வெளியார் பாயிண்ட் இல்லாமல் தருவார்களானால், சலுகையில் 2,000 டாலரே மிஞ்சும். வெளியிலிருந்து ஒரு லோன் எஸ்டிமேட் கையில் இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. குறிப்பிட்ட நிறுவனத்தில்தான் டைட்டில் இன்சூரன்ஸ் வாங்க வேண்டும் என்று, அதற்குப் பணம் கட்டும் உங்களை, விற்பவர் நிர்ப்பந்திப்பதை வீட்டுக் கடன் நடைமுறைகளை ஒழுங்குபடுத்தும் 1974ஆம் ஆண்டின் ரெஸ்பா சட்டம் தடை செய்கிறது.

ஒப்பிட்டு முடித்ததும், உங்களுக்குப் பிடித்த நிறுவனத்திடம் போட்டி நிறுவனத்தின் லோன் எஸ்டிமேட்டைக் காட்டி, ஏ பிரிவைக் குறைக்கவோ லெண்டர் கிரெடிட்டைக் கூட்டவோ முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். கையில் காகிதத்தோடு கேட்பவருக்குப் பெரும்பாலும் ஏதாவது குறைத்துத் தருவார்கள். ஒப்புக்கொண்டால் திருத்திய லோன் எஸ்டிமேட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

கையெழுத்துக்குக் குறைந்தது 3 வேலை நாட்களுக்கு முன், இறுதித் தொகைகளைக் காட்டும் க்ளோசிங் டிஸ்க்ளோஷர் வந்துசேரும். அதை லோன் எஸ்டிமேட்டுடன் வரி வரியாக ஒப்பிடுங்கள். சூழ்நிலை மாறியதற்கு உரிய காரணமில்லாமல், கடன் நிறுவனத்தின் சொந்தக் கட்டணங்களும் சொத்து மாற்று வரியும் ஒரு டாலர்கூட ஏறக் கூடாது. பதிவுக் கட்டணமும், நிறுவனம் தந்த பட்டியலிலிருந்து நீங்கள் தேர்ந்தெடுத்த சேவைகளும் மொத்தமாகச் சேர்த்து 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. முன்வட்டி, இன்சூரன்ஸ், எஸ்க்ரோ, பட்டியலுக்கு வெளியே நீங்களே அமர்த்தியவர்களின் கட்டணம் ஆகியவற்றுக்கு இந்த வரம்பு இல்லை. வரம்பு மீறியிருந்தால் அந்தக் கட்டணத்தைக் குறிப்பிட்டு லோன் ஆபீசருக்கு உடனே எழுதுங்கள். கையெழுத்திட்ட பிறகு கண்ணில் பட்டாலும் விட்டுவிட வேண்டாம். வரம்பை மீறி வாங்கிய தொகையை, கடனுக்குக் கையெழுத்திட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நிறுவனம் திருப்பித் தர வேண்டும்.