பாப்பா உட்காரும் முன்: சின்னக் குழந்தைகளைப் போட்டோ எடுப்பதில் செய்யும் தவறுகள்

பேட்டரியைச் சார்ஜ் போடுங்கள், மெமரி கார்டைக் காலி செய்துகொள்ளுங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. முதல் பிறந்தநாள் ஆர்டர் எடுக்கத் தொடங்கியிருக்கும் புதியவர்களைப் பார்த்தால், இந்தத் தொழிலில் பழுத்தவர்கள் ஒரு காலத்தில் சொதப்பிய அதே இடங்களில்தான் அவர்களும் சொதப்புகிறார்கள். ஒன்று முதல் நான்கு வயதுவரை உள்ள குழந்தைகளை மனதில் வைத்து, அவற்றில் சில.

குழந்தையை உட்கார வைத்துவிட்டு லைட்டைச் சரிசெய்வது

எத்தனை முறை சொன்னாலும் தீராத எரிச்சல் இது.

பதினான்கு மாதக் குழந்தை. புது கவுன், புது இடம், குட்டி நாற்காலி. உட்கார்ந்ததும் அம்மாவைப் பார்த்து நாலு பல்லும் தெரியச் சிரிக்கிறது. அந்த நொடியில் விழுந்தது டெஸ்ட் ஷாட். நெற்றியெல்லாம் வெளுத்துப்போன படம். பவரைக் குறைக்கிறார்கள். அடுத்ததற்கு ஃபிளாஷை எரியவைக்கும் ட்ரிக்கர் அடிக்கவில்லை. ஸ்டாண்டை இழுக்கிறார்கள், பின்திரையில் சுருக்கம் தெரிகிறது. எல்லாம் ஒழுங்கானபோது குழந்தை விரிப்பின் குஞ்சத்தைப் பிய்த்து வாயில் வைத்திருக்கிறது. அதற்குப் பிறகு எடுத்த நூறு படத்திலும் உர்ரென்ற முகம். கடைசியில் "பாப்பா கோஆபரேட் பண்ணல" என்று ஒரு வார்த்தை. பாப்பா பண்ணினாள், முதல் ஐந்து நிமிடம். அதை லைட்டுக்குச் செலவழித்தது யார்?

குழந்தை வருவதற்கு அரை மணி நேரம் முன்பே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். நாற்காலியில் தலையணையை நிமிர்த்தி, அதன்மேல் குழந்தையின் முகம் வரும் உயரத்தில் ஒரு பொம்மையை வைத்து எக்ஸ்போஷர், அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு, சரியா என்று பாருங்கள். குழந்தை போடப்போகும் சட்டையை முன்கூட்டியே வாங்கிப் பொம்மைமேல் போர்த்திப் பார்த்தால் இன்னும் நல்லது. வெள்ளை கவுனும் அரக்குப் பட்டுப்பாவாடையும் ஒரே அளவில் வெளிச்சத்தைத் திருப்பித் தராது.

அடுத்தது லைட்டின் தூரம். பெரியவர்களுக்கு வைப்பதுபோல முகத்துக்கு இரண்டு அடியில் சாஃப்ட்பாக்ஸை (வெளிச்சத்தை மென்மையாக்க லைட்டின் முன் மாட்டும் துணிப்பெட்டி) வைத்தால், குழந்தை அதை நோக்கி ஓர் அடி தவழ்ந்ததும் முகத்தில் வெளிச்சம் நான்கு மடங்குவரை ஏறிவிடும். அதே லைட் ஐந்து அடியில் இருந்தால், அதே ஓர் அடிக்கு ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல்தான் ஏறும், எடிட்டிங்கில் சமாளிக்கலாம். தூரம் கூடும்போது நிழல் கடினமாகும் என்பதால் 120 செ.மீ. அளவில் பெரிய சாஃப்ட்பாக்ஸாக எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கம் வெளிச்சத்தைத் திருப்பித் தர ஒரு வெள்ளைத் தெர்மாகோல் ஷீட் போதும். குழந்தை ஒரு புள்ளியில் இருக்காது. மூன்றடிக்கு மூன்றடி இடம் முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம் விழும்படி வையுங்கள்.

அப்பர்ச்சரிலும், அதாவது லென்ஸ் திறப்பின் அளவிலும், இதே கதைதான். பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமரா, 85 மி.மீ. லென்ஸ், இரண்டு மீட்டர் தூரம். எஃப் 1.8-இல் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 6 செ.மீ. ஒரு குழந்தை உட்கார்ந்தபடி ஆடும் ஆட்டமே அதைவிட அதிகம். திறப்பைச் சுருக்கி எஃப் 5.6 வைத்தால் கிட்டத்தட்ட 18 செ.மீ. கிடைக்கும். பின்னணி மங்கவில்லையே என்று கவலைப்படுகிறவர்கள் திரையை ஆறேழு அடி பின்னால் தள்ளட்டும். ஃபிளாஷ் இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தால் ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் கீழே இறங்க வேண்டாம். ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமராவின் உணர்திறன்) ஏறினால் ஏறட்டும்.

ஆளாளுக்குக் கூப்பிடுவது

கேமராவுக்குப் பின்னால் அப்பா கைதட்டுகிறார், பாட்டி கிலுகிலுப்பை ஆட்டுகிறார், சித்தி "இங்க பாரு, இங்க பாரு" என்கிறார். குழந்தை நாலு பக்கமும் பார்க்கும், லென்ஸைத் தவிர. கூப்பிட ஒருவர் போதும். அவர் முகம் லென்ஸுக்கு நேர் மேலே, ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். மற்றவர்களை வெளியே காபிக்கு அனுப்புங்கள். ஒரு சத்தம் இரண்டு மூன்று தடவைதான் பலிக்கும். காகிதம் கிழிப்பது, பொய்த் தும்மல் என்று மாற்றிக்கொண்டே இருங்கள். சத்தம் வந்ததும் அமுக்கினால் கிடைப்பது திடுக்கிட்ட முகம். அரை நொடி பொறுத்தால் சிரிப்பு வரும்.

"சிரி" என்று சொல்வது

மூன்று வயதுக் குழந்தையிடம் சிரிக்கச் சொன்னால் பல்லைக் காட்டும், கழுத்து நரம்பு புடைக்கும். "உன் பேரு கத்தரிக்காயா?" என்று கேட்டுப் பாருங்கள். "இல்ல!" என்று கத்திவிட்டு உங்களைப் பார்க்கும் பார்வைதான் படம். விரலைத் தயாராக வைத்திருங்கள்.

வந்தவுடன் கேமராவைத் தூக்குவது

எட்டொன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயதுவரை பல குழந்தைகளுக்குப் புது ஆள் என்றாலே பயம். அந்த ஆளுக்கு முகமும் இல்லை, கறுப்புப் பெட்டிதான் இருக்கிறது என்றால்? முதல் பத்து நிமிடம் தரையில் உட்கார்ந்து அம்மாவோடு பேசுங்கள், குழந்தையைக் கண்டுகொள்ளாதீர்கள். அதுவே உங்களிடம் வரும். கேமராவை அதன் கண் உயரத்தில் ட்ரைபாடில் நிறுத்தி ரிமோட்டில் அமுக்கினால் உங்கள் முகமும் அதற்குத் தெரியும்.

செல்போனில் கார்ட்டூன்

காட்டும்வரை வாயைப் பிளந்து பார்க்கும், பிடுங்கியதும் அலறும். இரண்டும் ஆல்பத்துக்கு ஆகாது.

குத்தும் துணியை முதலில் மாட்டுவது

ஜரிகை, நெட் வைத்த கவுன், தலையில் இறுக்கும் எலாஸ்டிக் கிரீடம் எல்லாம் கடைசியில். முதலில் பழகிய பருத்திச் சட்டை. தூங்கி எழுந்து, சாப்பிட்டு அரை மணி நேரம் ஆன பிறகு வரச்சொல்லுங்கள். மாலை ஆறரைக்கு ஃபங்ஷன் என்றால், போர்ட்ரெய்ட்டை அதே மண்டபத்தில் ஏழரைக்கு எடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உயரமான ஸ்டூல்

வேண்டாம். லைட் ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டையும், குழந்தைக்குக் கையெட்டும் தூரத்தில் ஓர் ஆளும் கட்டாயம்.

அழும்போதும் அமுக்கிக்கொண்டே இருப்பது

நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் அம்மா மடி. அப்படியும் தேறவில்லை என்றால் இன்னொரு நாள்.

கன்னத்துத் திருஷ்டிப் பொட்டை எடிட்டிங்கில் அழிப்பது

கேட்காமல் கை வைக்காதீர்கள். பாட்டி ஆல்பத்தைத் திறந்ததும் முதலில் தேடுவது அதைத்தான்.